ஏழாம் போர்ட்டில் ஆள் இருக்கிறது

செமோரில் இடி இடிக்கும்போது ஈப்போவில் வெயில் காயும். கிந்தா பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இது ஒரு சேதியே இல்லை. சுண்ணாம்புக் குன்றுக்கு இந்தப் பக்கம் கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும், அந்தப் பக்கம் கால்வாய் நிரம்பி ரோட்டில் ஏறியிருக்கும். பஸ்ஸில் வருகிறவர்கள் நனைந்த குடையோடு இறங்குவார்கள், காய்ந்த குடையோடு நிற்கிறவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மறந்துவிடுவோம். நானும் மறந்துதான் இருந்தேன். அந்த மறதிக்குள் ஒரு பெண்ணின் வேலை சிக்கிக்கொண்டு கிடந்தது.

எண்பதுகளின் கடைசி. ரப்பர்த் தோட்டங்களை நிர்வகிக்கும் ஒரு கம்பெனியின் ஈப்போ அலுவலகத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் அறையில் வேலை. அறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கோப்புகள் அடுக்கியிருந்த ஒரு மூலையைக் கண்ணாடி வைத்து அடைத்து, குளிர்சாதனப் பெட்டியைப் பொருத்தி, கதவில் 'செருப்புடன் வராதீர்' என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஓர் ஆள் உயரத்துக்குப் பெரிய கம்ப்யூட்டர். அதன் பக்கத்தில், மேசைமேல், ரொட்டி டின் அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. டெர்மினல் சர்வர் என்பது அதன் பெயர். எங்களுக்குப் 'பெட்டி' மட்டும்தான். பெரிய கம்ப்யூட்டரோடு பேச விரும்பும் சின்னக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இந்தப் பெட்டியின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். பெட்டியின் முதுகில் எட்டு வாய்கள். போர்ட் என்போம். ஒவ்வொரு வாயிலும் ஒரு கம்பி, ஒவ்வொரு கம்பியின் மறுமுனையிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முன்னாலும் ஒரு மனிதர்.

எனக்கு அந்தப் பெட்டியின் மேல் ஒரு பிரியம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஒவ்வொரு போர்ட்டையும் உட்கார்ந்து பழக்க வேண்டும். வேகம் எவ்வளவு, ஓர் எழுத்துக்கு எத்தனை பிட், எழுத்து முடிந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது, மறுபக்கம் மூச்சு வாங்கினால் எப்படிக் காத்திருப்பது. இரண்டு பக்கமும் இவற்றில் ஒன்று மாறினாலும் திரையில் குப்பை கொட்டும். ஒத்துப்போய்விட்டால் அப்படி ஓர் அமைதி, அப்படி ஓர் ஓட்டம். சம்பந்தம் பேசுவதைப்போல. இங்கே பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் நான்தான்.

ஏழு போர்ட்டுகளில் பிரச்சினை இல்லை. அவை அலுவலகத்துக்குள்ளேயே இருந்தன. கணக்குப் பிரிவு, கிடங்கு, மேல்மாடி. சுவரோரமாகக் கம்பி இழுத்து, ஆணியடித்துப் பொருத்தியது. மிச்சமிருந்த ஒன்றுதான், பெட்டியின் எண்ணிக்கையில் ஏழாவது, வெளியே போயிற்று. அந்தக் கம்பி நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகாமல் ஒரு மோடத்துக்குள் போனது. மோடத்திலிருந்து தொலைபேசிக் கம்பி, தொலைபேசிக் கம்பியிலிருந்து செமோர், செமோரிலிருந்து உள்ளே கொஞ்ச தூரம் செம்மண் ரோடு, பால்மரக் காடு, அந்தக் காட்டின் நடுவில் தகரக் கூரை போட்ட தோட்டத்து ஆபீஸ். அங்கே ஒரு மேசையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் அக்கா.

அக்காவை நான் முதலில் குரலாகத்தான் அறிந்தேன். தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கெழுதுபவர், அவர். ஆண்கள் மட்டுமே பார்த்த வேலை அது. அவர் அதில் பழைய கிராணியின் உதவியாளராகச் சேர்ந்து, பழையவர் ஓய்வு பெற்றதும் நாற்காலிக்கு வந்திருந்தார். காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, யார் யார் வேலைக்கு வந்தார்கள், மதியம் யார் எத்தனை கிலோ பால் கொண்டுவந்து ஊற்றினார்கள் என்பதை அன்றன்றே கம்ப்யூட்டரில் ஏற்றி, சாயங்காலத்துக்குள் லைனில் ஈப்போவுக்கு அனுப்ப வேண்டும். ஈப்போ அதைக் கோலாலம்பூருக்கு அனுப்பும்.

இது சோதனைதான். கோலாலம்பூர்த் தலைமையகம் தோட்டத்து ஆபீஸ்களையெல்லாம் மூடிவிட்டு, கிராணி வேலையை ஈப்போவுக்கு இழுத்துக்கொள்ளலாம் என்று யோசித்தது. எங்கள் பாஸ்தான் குறுக்கே நின்று, 'ஒரு மாதம் பார்ப்போம். தினமும் கணக்கு லைனில் ஒழுங்காக வந்தால் செமோர் ஆபீஸ் இருக்கட்டும். வராவிட்டால் மூடிக்கொள்ளுங்கள்' என்று தவணை வாங்கிவந்திருந்தார். பாஸ் சீனர். பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் தவழ்ந்து கற்ற தமிழ். என் தமிழைவிடக் காரமாக இருக்கும்.

முதல் வாரத்திலேயே லைன் முரண்டு பிடித்தது. சில நாள் கணக்கு வந்துவிடும். சில நாள் வராது. வராத மறுநாள் காலை அக்காவின் போன் வரும்.

"என்னா தங்கச்சி, இந்தச் சாமான் கீ...ன்னு கத்துது, கொர்ருங்குது, அப்பறம் சும்மா உக்காந்துருக்கு. பேரு கேக்க மாட்டேங்குது."

லைன் கிடைத்ததும் பெட்டி முதலில் பெயர் கேட்கும். பெயரும் ரகசியச் சொல்லும் கொடுத்தால், அதன் பிறகு அது மனிதப் பேச்சை நிறுத்திவிட்டு, பொட்டலம் பொட்டலமாக வாங்கவும் கொடுக்கவும் ஆரம்பித்துவிடும். காட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் எங்கள் கண்ணாடி அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதாக ஆகிவிடும். எல்லாவற்றுக்கும் முதல் படி அந்தப் பெயர் கேட்பதுதான்.

"முந்தாநேத்து கேட்டிச்சாக்கா?"

"கேட்டிச்சி. நேத்து கேக்கல. அதுக்கு மனசு இருந்தா கேக்குது."

நான் திரையில் ஏழாம் போர்ட்டைப் பார்ப்பேன். 'ஆள் இருக்கிறது' என்று காட்டும். நேற்று மத்தியானத்திலிருந்து இருக்கிறதாம்.

"அக்கா, நீங்க இன்னும் லைன்லதான் இருக்கீங்க."

"எங்க?"

"இங்க. ஏழாவது போர்ட்டுல."

"அடியே, நான் ஒங்கூடப் போன்ல பேசிக்கிட்டிருக்கேன். இந்த ஆபீசுக்கு இருக்கறதே ஒரே லைனு. இதுல நான் எப்படிலா ரெண்டா இருப்பேன்?"

நான் அந்தப் போர்ட்டில் இருப்பதாகக் காட்டும் ஆளைக் கட்டளை கொடுத்து வெளியேற்றிவிடுவேன். உடனே பெயர் கேட்கும். நேற்றைய கணக்கு இன்று காலை வந்து சேரும். கோலாலம்பூரில் அதை 'வரவில்லை' என்று குறித்துக்கொள்வார்கள். சாயங்காலம் எங்கள் அலுவலகம் பூட்டிய பிறகுதான் அக்கா திரும்ப முயன்றிருப்பார். ஆளற்ற அறையில் மோடம் எடுத்துப் பேசியிருக்கும், பெட்டி மட்டும் யாரோ ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கும்.

தலைமையகத்து அதிகாரி போனில் ஒரே வரியில் தீர்ப்பு எழுதினார். அந்தப் பெண்ணுக்கு ஒழுங்காக வெளியேறத் தெரியவில்லை. தோட்டத்தில் இதெல்லாம் நடக்காது.

பாஸ் போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சத்தியமா சொல்லு. தப்பு அந்தம்மாவுதா, பெட்டியுதா?"

"தெரியல பாஸ்."

"தெரியலன்னா போய்ப் பாருலா. இங்கயே உக்காந்து பாத்தா பெட்டியோட மூஞ்சி மட்டுந்தான் தெரியும்."

போனேன். செமோர் வரைக்கும் பஸ், அங்கிருந்து கம்பெனி லோரியில் முன்சீட்டு. ரப்பர்ப் பாலின் புளித்த வாடை ஜன்னல் வழியாக ஏறி உட்கார்ந்தது. பழகாதவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். எனக்கு அது சமையல்கட்டு வாசனை மாதிரி, பசியைக் கிளப்பும். மரங்களுக்கு நடுவே வெளிச்சம் வரிசை வரிசையாக நகர்ந்தது. ஒரே மாதிரி, ஒரே இடைவெளி, மரம், வெளிச்சம், மரம், வெளிச்சம். கம்பியில் பிட்டுகள் போவதைக் கண்ணால் பார்க்க முடிந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். லோரிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, தலை சுத்துதா?" என்றார்.

ஆபீசுக்கு எதிரே, நாய் குறுக்கே படுக்கும் அளவு தூரத்தில், அக்காவின் வீடு. ஆபீஸ் படியில் நான் கால் வைப்பதற்குள் அந்த வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

"யாரு, ஈப்போ தங்கச்சியா? எங்கூட்டம்மாவ ரெண்டாக்குன புள்ள நீதானா?"

அக்காவின் கணவர், எனக்கு அண்ணன். ஜன்னலோரம் ரோத்தான் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரிய தோள், பெரிய மீசை, இடுப்புக்குக் கீழே போர்வை. பால் லோரி ஓட்டியவர். மேட்டில் ஏறும்போது பிரேக் விட்டு லோரி புரண்டதில் இரண்டு காலும் போய்விட்டன. அவரைக் காலையில் நாற்காலிக்கு மாற்றுவது, நடுவில் ஒரு தரம் போய்த் திருப்பி உட்கார வைப்பது, மத்தியானம் சோறு, எல்லாம் அக்கா ஆபீஸ் வேலைக்கு நடுவில்தான் செய்தார். நான் பார்த்தேன். கணக்குத் தட்டிக்கொண்டிருப்பார், எழுந்து ரோட்டைக் கடப்பார், வந்து அதே எண்ணிலிருந்து தொடர்வார். ஓர் எண் பிசகவில்லை.

"ஆபீசு ஈப்போவுக்குப் போனா நான் போவ மாட்டேன் தங்கச்சி," என்றார் அக்கா, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே. நெத்திலிச் சம்பால், முருங்கைக்கீரை. "விடியறதுக்கு முன்ன பஸ் ஏறி இருட்டுனப்பறம் வந்தா, இவர யாரு திருப்பி விடுறது? வேல போனா வீடும் போவும். இது கிராணி வீடு."

"ஈப்போவுல மாடி வீடு எடுக்கலாம்டி," என்றார் அண்ணன். "என்னையக் கயிறு கட்டி மேல இழுத்துக்க."

"இழுத்து அப்படியே தொங்க விட்டுர்றேன், பேச்சு கொறையும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபின் மூன்று பேருமே தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் அக்கா லைனைப் போட்டார். மோடம் கத்தியது, கொர்ரென்றது, பெட்டி பெயர் கேட்டது, கொடுத்தார், கணக்கு ஏற ஆரம்பித்தது. எல்லாம் சுத்தமாக. நான் ஒரு பிழையும் காணாமல் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெயில் கொஞ்சம் மஞ்சளாகியது. இலைகள் ஒரு தரம் வெள்ளைப் பக்கத்தைத் திருப்பிக் காட்டின.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டங் டங் டங் டங். ஜன்னல் கம்பியில் எனாமல் மங்குத் தட்டால் அடிக்கிறார் அண்ணன். "புடுங்கு! புடுங்கு! மலைப்பக்கம் கருத்திருச்சி!"

அக்கா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினார். மோடம் பிளக்கைப் பிடுங்கினார். தொலைபேசிக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினார். திரையின்மேல் ஒரு துண்டை விரித்துப் போட்டார், வீட்டில் நிலைக்கண்ணாடிக்குப் போடுவதைப்போல. வெளியே லயம் முழுக்க அதே வேலை. ரேடியோ ஒவ்வொன்றாக வாயடைத்தது, யாரோ ஒருத்தி அரிவாள்மணையை உள்ளே எடுத்துப்போட்டாள். அடுத்த மூச்சில் வானம் பிளந்தது. "அர்ச்சுனா அர்ச்சுனா" என்று அக்கா கண்ணை மூடினார். நானும்தான். காலைத் தரையிலிருந்து தூக்கி முக்காலியின்மேல் வைத்துக்கொண்டேன்.

மழை தகரத்தில் இறங்கிய சத்தத்தில் நான் கத்திக் கேட்க வேண்டியிருந்தது.

"அக்கா, எப்பவுமே இப்படித்தானா?"

"இடி வந்தா புடுங்காம? ஒங்கூட்டுல புடுங்க மாட்டீங்க?"

"புடுங்குவோம்."

"அப்பறம்?"

"இத ஏங்கா எங்கிட்ட சொல்லல?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இதெல்லாம் சொல்லுவாங்களா? கதவச் சாத்திட்டுப் படுத்தேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

நியாயம்தான். கேட்டிருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். லயத்தோரம் நின்ற ஒரு மரத்தில் முன்பு இடி விழுந்து, அந்த வரிசையில் இருந்த ரேடியோக்களும், ஊரே கூடிப் பார்த்த ஒரே கலர் டிவியும் கருகிப் போனதாம். அதிலிருந்து இந்த மங்குச் சத்தம். தான் நடமாடியபோது யார் யாரோ செய்ததை, நாற்காலிக்கு வந்தபின் அண்ணன் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார். மலைப்பக்கத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்க அவரைத் தவிர யாருக்கு நேரம்?

"சம்பளமில்லாத வேல," என்றார் அவர், மழை விட்டபின். "ஆனா லீவும் கெடையாது."

அக்கா எல்லாவற்றையும் திரும்பச் செருகி, ஈப்போ எண்ணைச் சுழற்றினார். மோடம் கத்தியது. கொர்ரென்றது. பிறகு ஒன்றுமில்லை. கறுப்புத் திரையில் சின்னக் கோடு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. பெயர் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எனக்குத் தெளிந்துவிட்டது. பெட்டிக்கு வருகை தெரியும், போகை தெரியாது. விடைபெற்றுப் போனால் புரிந்துகொள்ளும். பாதிப் பேச்சில் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு ஒருவர் மறைந்துவிட்டால், அதன் கணக்கில் அவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். அடுத்துக் கூப்பிடுகிறவர் புதிதாக வந்தவர் என்று அதற்குத் தோன்றுவதில்லை. பிறகு எதற்குப் பெயர் கேட்க வேண்டும்? எட்டுப் போர்ட்டுகளையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டுப் போயிருந்தார், பெட்டியை விற்ற கம்பெனிக்காரர். மறுமுனையில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம் என்பது அந்த அச்சில் ஒரு வரி. பக்கத்து அறை கம்ப்யூட்டர்களுக்கு அது சரி. மேல்மாடியில் இருப்பவர் எங்கே போய்விடப் போகிறார்? ஆனால் ஏழாவதின் மறுமுனையில் இருந்தது மேல்மாடி இல்லை. மலையும் மழையும் மங்குத் தட்டும்.

பாஸ் கேட்டு முடித்ததும் சொன்னார்: "இவ்ளோதானா? புடுங்காதீங்கன்னு சொல்லிரு. முடிஞ்சிச்சி."

"சொன்னா ஒரு நாளைக்கு மோடம் வெந்துரும் பாஸ். அதுவும் போவட்டும். அண்ணனுக்கு வேல போயிரும்."

"எந்த அண்ணன்?"

சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"எங்க கெடையில ஐஸ்பெட்டி ரெண்டு இடியில போச்சி. அப்பறம் எங்கப்பா வானம் லேசா கறுத்தாலே ஓடுவாரு. ஒரு தடவ, சைக்கிள் காத்தடிக்கிற பம்பக் கூடப் பயத்துல உள்ள எடுத்து வச்சாரு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "சரி. அந்தம்மாவ விடு. பெட்டிக்குச் சொல்லிக்குடு."

சொல்லிக்கொடுப்பது ஒரு வரிதான் என்று நினைத்தேன். ஏழாம் போர்ட்டைத் திறந்து, 'மறுமுனையில் ஆள் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் விட்டுவிடு' என்ற கட்டளையைக் கொடுத்தேன். போர்ட் செத்துவிட்டது. மாலை வராமல் இருந்தது போய், இப்போது காலையிலும் வரவில்லை. மோடம் எடுக்கிறது, பெட்டி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அக்கா போன் செய்தார். "தங்கச்சி, முன்னயாச்சும் அதுக்கு மனசு இருந்துச்சி."

கட்டளையைத் திரும்ப எடுத்துவிட்டு, பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி, மோடத்துக்குப் போகும் கம்பியைக் கழற்றி, அதன் தலையைத் திருகித் திறந்தேன். உள்ளே இருபத்தைந்து ஊசிகள், ஆனால் கம்பி மூன்றே மூன்று. ஒன்று பேச, ஒன்று கேட்க, ஒன்று இரண்டுக்கும் பொதுவான தரை. சுவரோரக் கம்பியில் மிஞ்சியதை வெட்டி மோடத்துக்கும் போட்டிருக்கிறார்கள். 'மறுமுனையில் ஆள் இருக்கிறது' என்று மோடம் சொல்லும் சேதி எட்டாவது ஊசியில் வரும். அந்த ஊசியில் கம்பியே இல்லை. பாவம் பெட்டி, பார் என்று சொல்லியிருக்கிறேன், கண் வைக்கவில்லை.

பசார் பக்கத்துக் கடையில் நல்ல கம்பியாக வாங்கிவந்து, ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். பாஸ், கோட்டும் டையுமாக, துணி மாட்டும் கிளிப்பால் கம்பியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணக்குப் பிரிவிலிருந்து எட்டிப் பார்த்தவர்களிடம், "என்னா வேடிக்கை? சர்ஜரி நடக்குது, போங்கலா," என்றார்.

அப்படியும் சரியாகவில்லை. இப்போது எதிர்ப்பக்கத் தப்பு. தொலைபேசிக் கம்பியை நானே பிடுங்கிப் பார்த்தேன். பெட்டி அசையவில்லை, ஆள் இருக்கிறது என்றே சாதித்தது. மோடத்தைக் கவிழ்த்தால் அடியில் பல் வரிசை மாதிரி சின்னச் சின்ன சுவிட்ச்சுகள். அதில் ஒன்று, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எட்டாவது ஊசியில் 'இருக்கிறது, இருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருக்க வைப்பது. நல்ல எண்ணத்தில் சொல்லும் பொய். பேனா முனையால் அந்தப் பல்லை மறுபக்கம் தள்ளினேன். மறுபடியும் கம்பியைப் பிடுங்கினேன். பெட்டியின் நெற்றியில் ஏழாவது விளக்கு ஒரு தரம் திகைத்து, அணைந்தது. செருகினேன். அக்காவை லைன் போடச் சொல்லியிருந்தேன். கீ. கொர். பெயர் கேட்டது.

விளக்கு அணைந்ததற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு இடி வரவில்லை. பெய்து தொலைத்த வானம், எங்களுக்கு வேண்டும் என்றதும் நீலமாக உட்கார்ந்துகொண்டது. கணக்கு தினமும் ஒழுங்காக வந்தது; வெயிலில் எப்போதும் வந்ததுதானே, அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை. அக்கா போனில் அண்ணனின் வானிலை அறிக்கையைச் சொல்வார். "இன்னைக்கி இல்லியாம். மேகம் இருக்காம், ஆனா வெறும் பந்தாவாம்."

பெட்டியைச் சரிசெய்துவிட்டோம், நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று பாஸ் கேட்டதன்பேரில், சோதனை மாதம் முடிகிற அன்று தலைமையகத்து அதிகாரி ஈப்போவுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல ஷூ. கதவில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, ஷூவோடு உள்ளே வந்தார். பெட்டியின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஏழாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா கணக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வெளியே ஈப்போவில் வெயில் கொளுத்தியது, கண்ணாடியில் கண் கூசியது.

விளக்கு அணைந்தது.

அதிகாரி கையை விரித்தார். "பார்த்தீர்களா?"

"இடி," என்றார் பாஸ்.

அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். ரோட்டில் ஐஸ் கச்சாங் விற்கிறவர் வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டிருந்தார். "எங்கே இடி?"

"செமோர்ல," என்றேன் நான்.

அவர் எங்களை இரண்டு பைத்தியங்களாகத்தான் நினைத்திருப்பார். பாஸ் அவருக்குக் காப்பி வரவழைத்தார். பிறகு பிஸ்கட். பிறகு இன்னொரு காப்பி. நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே துண்டு போர்த்திய திரையின் பக்கத்தில் அக்கா கண் மூடி உட்கார்ந்திருப்பார். தகரத்தில் மழை இறங்கிக்கொண்டிருக்கும். அவர் வேலையும் வீடும், அண்ணனின் ஜன்னலும், எல்லாம் ஓர் எட்டாவது ஊசியில், நான் பற்றவைத்த ஒரு சொட்டு ஈயத்தில் நின்றன. சரியாகப் பற்றியிருக்குமா? சூடு போதுமா? அந்தச் சொட்டு பளபளப்பாக இருந்ததா, மங்கலாக இருந்ததா? மங்கலாக இருந்தால் நம்ப முடியாது. எனக்கு ஞாபகம் வரவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்துகொள்ளப் போகிறார் என்று தோன்றியது. பாஸ் தன் அப்பாவின் கடையைப் பற்றி ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ ஆரம்பித்தார், சைக்கிள் பம்ப் கதை வரைக்கும்.

மோடத்தில் மணி அடித்தது.

அது எடுத்தது. கீயென்று கத்தியது, கொர்ரென்றது. விளக்கு எரிந்தது. என் திரையில் ஏழாம் போர்ட், புது ஆள், பெயர் கேட்கிறேன் என்றது. அக்கா தன் பெயரைத் தட்டினார். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக வந்தது. ஈரக் கையாக இருந்திருக்கும்.

மிச்சக் கணக்கு வந்து சேர்ந்தது. அதிகாரி குனிந்து தேதியையும் கிலோவையும் பார்த்தார். முடிவைக் கோலாலம்பூருக்குப் போய்த்தான் போனில் சொன்னார். பாஸ் போனை வைத்துவிட்டு, அறைக் கதவைத் திறந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"செமோர் ஆபீசு மூடல. நீயே கூப்பிட்டுச் சொல்லு. நான் சொன்னா அழுவாங்க, எனக்கு அதெல்லாம் தாக் போலே, முடியாது."

கூப்பிட்டேன். அக்கா எடுத்தார். சொன்னேன்.

"அக்கா?"

"இரு," என்றார். "இரு தங்கச்சி, இரு."

போனை மேசையில் வைத்தது கேட்டது. நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் படியிறங்கியது. பிறகு வெறும் அறை. எங்கோ கோழி கொக்கரித்தது, தூரத்தில் லோரி ஒன்று மேடேறியது. நான் கையிலிருந்த போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல், வார்த்தை பிரியாமல், மேலேறி உடைந்தது. அண்ணனின் குரல் ஏதோ கேட்டது. அக்கா திரும்பச் சொன்னார். கணக்குப் பிரிவிலிருந்து ஒருத்தி வந்து தனக்குப் போன் வேண்டும் என்று சைகை காட்டினாள். மாட்டேன் என்று தலையாட்டினேன்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"இருக்கியா தங்கச்சி?"

"இருக்கேன்கா."

"பேச மாட்டேங்குறாரு. வாயி ஓயாத மனுசன், இப்பப் பாத்து பேச மாட்டேங்குறாரு." மூக்கை உறிஞ்சினார். "ஞாயித்துக்கெழம ஒங்க பாஸயும் கூட்டிக்கிட்டு வா. கோழி அடிக்கிறேன். அந்த மனுசன் ஒறப்பு சாப்புடுவாரா?"

"எனக்கு மேல சாப்புடுவாருக்கா."

"சரி, வச்சிர்றேன்," என்றார். ஆனால் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கம்பியில் இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் போய்வந்துகொண்டிருந்தது.